கழிவு அண்ணாச்சியும் ஒண்ணேகால் கிலோ லேப்டாப்பும்

எந்தப் பொருளைக் கண்டாலும் அதில் எவ்வளவு அநாவசியம் என்று கிலோக் கணக்கில் சொல்லிவிடக்கூடிய மனிதர் இந்த உலகத்தில் ஒரே ஒருவர்தான் பிறந்திருக்கிறார். அவர் என் மேல் சேற்றை அடித்துத்தான் அறிமுகமானார்.

தேவிகுளத்தை விட்டு நான் நடக்க ஆரம்பித்து ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. அங்கே ஒரு கம்ப்யூட்டர் கடையில் மூன்று மாதம் இருந்தேன். ஜெராக்ஸ் எடுப்பது, விண்ணப்பம் கொடுக்க வருகிறவர்களை வரிசையில் உட்கார வைப்பது, கூட்டுவது எல்லாம் நான்தான். அன்று காலை முதலாளி தன் மச்சினனைக் கூட்டி வந்து என் ஸ்டூலில் உட்கார வைத்தார். கடையில் இருந்தது ஒரே ஸ்டூல். பையை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டேன். மூணாறில் நிற்பதா, பள்ளிவாசல் தாண்டி அடிமாலிக்கு இறங்குவதா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. நடந்துகொண்டே யோசிக்கலாம். பஸ்ஸில் உட்கார்ந்து யோசித்தால் டிக்கெட் எடுக்கச் சொல்வார்கள்.

அப்போதுதான் ஒரு ஸ்கூட்டரின் எலும்புக்கூடு என்னைக் கடந்து போனது. கண்ணாடி இல்லை, மட்கார்டு இல்லை, பின் சீட் இல்லை. ரோட்டில் கிடந்த மழைச் சேறு முழுவதையும் என் மேல் வாரி அடித்துவிட்டுப் பத்தடி தள்ளி நின்றது. ஒல்லியாக, ஐம்பத்தேழு ஐம்பத்தெட்டு வயதில் ஒருவர் இறங்கி வந்தார். மன்னிப்புக் கேட்பார் என்று நினைத்தேன்.

"எங்கல போற?"

"தெரியலீங்க."

"எந்த ஊரு?"

"கொழிஞ்சாம்பாறைங்க. பாலக்காட்டுக்குக் கிழக்கீங்க."

"வார்த்தைக்கு ஒரு 'ங்க' எதுக்குல? எடுத்துட்டாலும் அர்த்தம் மாறலியே."

இப்படிச் சொல்லிக்கொண்டே என் பையை ஒற்றை விரலால் தூக்கிப் பார்த்தார். "நாலு கிலோ. அதுல ஒண்ணேகால் வேண்டாதது" என்றார். கேட்காமலே பையைத் திறந்து ரோட்டோரக் கட்டைச் சுவரில் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். கம்பி உடைந்த குடை. இன்னொரு துண்டு. அடுத்து ஒரு பூட்டு.

"சாவி எங்க?"

"தொலைஞ்சு போச்சுங்க."

"அப்ப பூட்டு எதுக்கு?"

நான்கு வருஷமாக, ஆறு ஊர்களுக்கு அந்தப் பூட்டைச் சுமந்திருந்தேன். பூட்டு சுவரிலேயே தங்கிவிட்டது. கடைசியாக அவர் கையில் அகப்பட்டது ஒரு பென் டிரைவ்.

பாலக்காட்டில் ஒரு ரிப்பேர் கடையில் எடுபிடியாக இருந்தபோது அங்கிருந்த மெக்கானிக் கொடுத்தது அது. "ஏனுங்க, இதைச் சொருகினா செத்துப்போன மெசினும் எந்திரிச்சு உக்காருமுங்க" என்று சொல்லிக் கொடுத்தார். லினக்ஸ் குடும்பத்திலேயே மிகவும் இளைத்த பிள்ளை ஒன்று அதற்குள் இருந்தது. எட்டாம் வகுப்போடு நின்ற எனக்கு அதைப் பற்றித் தெரிந்ததெல்லாம், எப்படி ஏற்றுவது, எந்தப் பட்டனை அழுத்தக் கூடாது என்ற இரண்டு விஷயங்கள்தான். அண்ணாச்சிக்குச் சுருக்கமாகச் சொன்னேன்: "பழைய லேப்டாப்பை லேசாக்கற சாமானுங்க."

அவர் முகம் மாறியது. "லேசாக்குமா?"

"ஆமாங்க."

"ஏறு."

பின் சீட் இருந்த இடத்துக் கம்பியில் ஒரு இலைச் சாக்கை மடித்துப் போட்டார். அவருடைய தேயிலை எஸ்டேட் போய்ச் சேரும்போது என் முதுகில் கழுத்திலிருந்து இடுப்பு வரை நேர்க்கோடாகச் சேறு. வழியில் இலை பறித்துக்கொண்டிருந்த பெண்கள் அந்தக் கோட்டைப் பார்த்ததும், "யாரோ கழிவுக்குச் சொந்தக்காரன் வந்திருக்கான்" என்றார்கள்.

அவருக்கு ஞானஸ்நானப் பெயர் ஒன்று இருந்திருக்க வேண்டும். நான் கேள்விப்பட்டதில்லை. எஸ்டேட்டில் இலை எடை போடுவது அவர் வேலை. பறித்த இலை மூட்டையாக வரும்போது அதில் மழைத் தண்ணீரும் இருக்கும், சாக்கும் இருக்கும். அந்த இரண்டு எடையையும் குறைத்துத்தான் பறித்தவர் பெயரில் எழுதுவார்கள். அப்படிக் குறைப்பதற்குப் பெயர் கழிவு, அதுவே அவருக்கும் பெயராகிவிட்டது. மற்ற எடைக்காரர்கள் குத்துமதிப்பாகக் கழிப்பார்கள். இவர் மூட்டைக்குள் முழங்கை வரை கையை விடுவார், கண்ணை மூடுவார், "ரெண்டு" என்பார். ஒருமுறை சந்தேகப்பட்ட யூனியன்காரர்கள் அந்த மூட்டையைத் தனியாக உலர்த்தி எடை போட்டுப் பார்த்தார்கள். இரண்டுதான்.

சொந்த மனைவிக்கும் அதே கழிவுதான். ரோசம்மா அக்கா இருபத்தைந்து வருஷமாக அதே எஸ்டேட்டில் இலை பறிக்கிறவர். மூன்று கிலோ கழித்த ஒரு நாள் மத்தியானம், அக்கா அண்ணாச்சி தட்டில் சோற்றைப் போட்டு, அதிலிருந்து மூன்று அகப்பையைத் திரும்ப எடுத்துக்கொண்டாராம். "ஈரமா இருந்துச்சு" என்றாராம். அண்ணாச்சி கோபப்படவில்லை. "எழுதி வச்சுக்க" என்று மட்டும் சொன்னார். எழுதாமல் கழிக்கக் கூடாது என்பது அவர் சட்டம். யார் மூட்டையில் என்ன கழித்தார், எதற்காகக் கழித்தார் என்று ஒரு நீளப் புத்தகத்தில் இருக்கும். யார் வேண்டுமானாலும் வந்து கேட்கலாம்.

வேலை பார்க்கும் இடத்தோடு அது நின்றிருந்தால் நல்ல உத்தியோகஸ்தர் என்று விட்டிருப்பார்கள். பல் விளக்கும் பிரஷ்ஷில் பாதிக் காம்பை ஒடித்துவிடுவார். வாட்சுக்குப் பட்டை கிடையாது, சட்டைப்பையில் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வரும்போது ஃபாதரிடமே, "இன்னைக்கு கழிவு போக ஆறு நிமிஷம், ஃபாதர்" என்பார். ஃபாதர் அடுத்த வாரம் பிரசங்கத்தைச் சுருக்கினார். அதிலும் இரண்டு நிமிஷம் கழிந்தது.

எஸ்டேட் தொழிலாளர்களுக்குக் கொடுத்த லயத்து வீட்டில் என்னை உட்கார வைத்து, துண்டில் சுற்றிய லேப்டாப்பைக் கொண்டுவந்து மடியில் வைத்தார். கை அகலத்துக்கு ஒரு சின்ன மெஷின். மகள் அமலி நர்சிங் படிக்கும்போது பழையதாக வாங்கியது. அமலி இப்போது எஸ்டேட் டிஸ்பென்சரியில் தற்காலிக வேலையில் இருந்தாள். வியாழக்கிழமை பதினொரு மணிக்கு அவளுக்கு ஒரு வெளிநாட்டு ஆஸ்பத்திரியின் பரீட்சை, அது முடிந்ததும் நேர்காணல். இரண்டும் திரையிலேயே. போனில் வரக் கூடாது, கம்ப்யூட்டரில்தான் வர வேண்டும் என்று கறாராக எழுதியிருந்தார்கள். இதற்கு முன் இரண்டு தடவை கூப்பிட்டு, இரண்டு தடவையும் இந்த மெஷின் பாதியில் உறைந்து போயிருந்தது. மூன்றாவது தடவையும் வராவிட்டால் பட்டியலில் இருந்து பெயரை எடுத்துவிடுவோம் என்று ஏஜென்சியில் சொல்லிவிட்டார்கள். அண்ணாச்சிக்கு அடுத்த வருஷம் ஓய்வு. ஓய்வு பெற்றால் லயத்து வீட்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அமலிக்கு வேலை கிடைத்தால்தான் அவர்கள் போய் நிற்க ஒரு கூரை.

அமலி இந்தத் தடவை அந்த மெஷினை நம்பவில்லை. மூணாறில் ஒரு நெட் கடையில் இடம் பிடித்து வைத்திருந்தாள். "அண்ணே, அப்பாவோட திருப்திக்கு என்ன வேணும்னாலும் செஞ்சுக்கிடுங்க. என் பரீட்சைய மட்டும் தொடாதீக" என்று சொல்லிவிட்டு டிஸ்பென்சரிக்குப் போனாள்.

மெஷினை ஆன் செய்தேன். ரோசம்மா அக்கா எட்டிப் பார்த்துவிட்டு அரிசி களையப் போனார். உலை வைத்து, கொதித்து, சோறு வடிக்கிற நேரத்தில் திரை வந்தது. அவர் பல நாளாகவே சோற்றுக்கு நேரம் பார்ப்பது அந்த லேப்டாப்பை வைத்துத்தான் என்று பிறகு தெரிந்தது.

பென் டிரைவைச் சொருகுவதற்கு முன் அண்ணாச்சி "நில்லு" என்றார். மெஷினை மார்போடு அணைத்துக்கொண்டு மேட்டில் இருந்த எடைச் சாவடிக்கு ஏறினார். நானும் பின்னால் ஓடினேன். இலை எடை போடும் மிஷினில் அதை வைத்தார். ஒரு கிலோ இருநூற்று நாற்பது. புத்தகத்தில் எழுதிக்கொண்டார். திரும்பி வந்தோம். பழையதைத் துடைத்துவிட்டுப் புதியதை ஏற்றினேன். ஒரு மணி நேரத்துக்குள் வேலை முடிந்தது. ரோசம்மா அக்கா தீக்குச்சியைக் கிழித்து அடுப்பைப் பற்ற வைப்பதற்குள் திரை வந்து நின்றது.

"இனி நான் சோத்துக்கு எதைப் பாக்குறது?" என்றார் அக்கா.

அண்ணாச்சி மறுபடி மேடேறினார். மிஷினில் வைத்தார். ஒரு கிலோ இருநூற்று நாற்பது. மிஷினைத் தட்டிவிட்டு மறுபடி வைத்தார். அதே.

"வேலை நடக்கலியே."

"நடந்துருச்சுங்க."

"எடை குறையலியே."

"உள்ள இருக்கற சமாசாரத்துக்கு எடை கெடையாதுங்க."

"எடை இல்லாததைப் போயி எதுக்குல லேசுன்னு சொன்ன?"

என் மானத்தைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டும் என்ற அவசரத்தில் ஒரு காரியம் செய்தேன். லேப்டாப்பில் ஒரு ஜன்னலைத் திறந்தால் உள்ளே ஓடிக்கொண்டிருக்கும் ஒவ்வொன்றின் பெயரும், அது எவ்வளவு இடத்தைத் தின்கிறது என்ற எண்ணும் வரிசையாக வரும். அடியில் மொத்தம். அதைக் காட்டி, "இதுதானுங்க இதோட எடை. சும்மா நிக்கறப்ப முந்நூத்தி எண்பது" என்றேன்.

அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். பெயர், எதிரே எடை, அடியில் மொத்தம். முப்பது வருஷமாக அவர் பார்த்த அதே பேரேடு. "இதுல கழிக்கலாமா?" என்று மெதுவாகக் கேட்டார்.

கழிக்கலாம் என்று சொல்லி, எப்படி என்றும் காட்டிக் கொடுத்தது என் குற்றம்.

மறுநாள் புதன்கிழமை காலை எடை முடிந்ததும் புத்தகத்தோடு வந்து உட்கார்ந்தார்.

"இது?"

"பிரிண்டருக்குங்க."

"நம்மகிட்ட பிரிண்டர் இருக்கா?"

"இல்லீங்க."

"எடு." புத்தகத்தில் அந்த ஆங்கிலப் பெயரை ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்து எழுதினார். "இது?"

"அந்த மலைப் படத்தை மாத்தி மாத்திக் காட்டறதுங்க."

"ஜன்னலைத் தொறந்தா மலை. எடு. இது?"

"தெரியலீங்க."

"உனக்கே தெரியலைன்னா அது இருந்து என்ன பிரயோஜனம்?"

எண் இறங்கியது. முந்நூற்று நாற்பது. இருநூற்று தொண்ணூறு. அந்த மனிதர் முகத்தில் அப்படி ஒரு சாந்தத்தை நான் பூசை நேரத்தில்கூடப் பார்க்கவில்லை. நடுவில் தண்ணீர்க் குழாய் பிடுங்கிக்கொண்டது என்று ரோசம்மா அக்கா கூப்பிட்டார். நான் ஓடைக்குப் போய் அதைச் சொருகிக் கல் அண்டக் கொடுத்துத் திரும்ப ஒன்றரை மணி நேரம் ஆகிவிட்டது. வந்து பார்த்தால் திரையில் ஒன்றுமே இல்லை. கழுவிவிட்ட தரை மாதிரி இருந்தது.

"நூத்தி முப்பது" என்றார் அண்ணாச்சி. "எலும்பும் தோலும்தான் மிச்சம்."

மூன்று மணிக்கு அமலி வேகமாக வந்தாள். வியாழக்கிழமை ஹர்த்தால் என்று அறிவித்துவிட்டார்கள். பஸ் கிடையாது, ஜீப் கிடையாது, மூணாறில் ஒரு கடையும் திறக்காது. நெட் கடைக்காரர் போனில், "நாளைக்கு ஷட்டரைத் தொட மாட்டேன்" என்று சொல்லிவிட்டார்.

"இனி இதுதான் கதி, அப்பா" என்று லேப்டாப்பை ஆன் செய்தாள். பத்து எண்ணுவதற்குள் வந்தது. முதல் தடவையாக அந்த மெஷினைப் பார்த்துச் சிரித்தாள். மறு நிமிஷம் சிரிப்பு நின்றது.

"அப்பா, நெட் பிடிக்கிறது எங்க?"

"எது?"

"மூலையில சின்னதா ஒரு படம் இருக்குமே."

"விசிறி மாதிரி இருந்துச்சே, அதுவா? இந்தக் குளிருக்கு விசிறி எதுக்குன்னு..."

வயர் இல்லாமல் நெட் பிடிக்கிற சின்னத்தைத்தான் விசிறி என்று நினைத்திருந்தார். வருஷத்தில் பத்து மாதம் கம்பளி போர்த்துகிற ஊரில் அது நியாயமான நினைப்புதான். அமலி வேறு எதையோ அழுத்தினாள். "சத்தமும் இல்ல."

"அது பதினெட்டு வச்சிருந்துச்சு, தாயீ."

அமலி கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நான் தைரியமாகச் சொன்னேன்: "ஒண்ணும் பிரச்சனையில்லீங்க. பென் டிரைவ்ல இருந்து மறுபடியும் முழுசா ஏத்திடலாம்."

அண்ணாச்சி தரையைப் பார்த்தார். "உள்ளதான் போயிருச்சே, இனி அதுல எதுக்குன்னு... அதையும் தொடைச்சுட்டேன்."

வெளியே மழை பிடித்துக்கொண்டது. கொஞ்ச நேரத்தில் கரண்டும் போனது. வீட்டில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் இருக்க அது வசதியாக இருந்தது. நான் பையை எங்கே வைத்தேன் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அமலி அதைக் கண்டுபிடித்துவிட்டாள். "அண்ணே, நாளைக்குப் பதினொரு மணி வரைக்கும் எங்கயும் போகக் கூடாது. கெடுத்தவுக ரெண்டு பேரும் கூடவே இருக்கணும்." பிறகு கூந்தலை இறுக்கிக் கொண்டை போட்டுக்கொண்டு அப்பாவிடம் திரும்பினாள்.

"கழிச்சதை எழுதி வச்சிருக்கீகளா?"

அண்ணாச்சிக்கு அந்தக் கேள்வியே அவமானமாக இருந்தது. "எழுதாம என்னைக்குக் கழிச்சிருக்கேன்?" நீளப் புத்தகத்தை எடுத்து நீட்டினார். நாற்பத்தொரு பெயர். ஒரு எழுத்துகூடப் பிசகவில்லை. எதிரே ஒவ்வொன்றின் எடை.

வியாழக்கிழமை எட்டு மணிக்கே எடைச் சாவடிக்கு ஏறிவிட்டோம். எங்கள் பக்கத்தில் போனுக்கு டவர் கிடைக்கிற ஒரே இடம் அது. போனையும் மெஷினையும் கேபிளால் சேர்த்து, கட்டளை எழுதுகிற கறுப்பு ஜன்னலில் ஒரு வரி அடித்தால் விசிறி இல்லாமலே நெட் வரும் என்று அமலி போனில் தேடிப் படித்திருந்தாள். அந்தக் கறுப்பு ஜன்னலை எந்த மூன்று பட்டனில் திறப்பது என்பது எனக்குத் தெரியும். பாலக்காட்டு மெக்கானிக் சொல்லிக் கொடுத்த வித்தையில் மிச்சம் இருந்தது அவ்வளவுதான். நான்கு தடவை தப்பாக அடித்து ஐந்தாவது தடவை வந்தது.

அண்ணாச்சி பெயர்களை எழுத்து எழுத்தாகச் சத்தமாக வாசித்தார். அமலி அடித்தாள். ஒவ்வொன்றும் அந்த மெல்லிய டவரில் மூச்சு வாங்கி மேடேறி வந்து சேர்ந்தது.

"இது எதுக்கு? படந்தானே. வேண்டாம்."

"அப்பா."

"சரி, வாசிக்கேன்."

விசிறி வந்தது. சத்தம் வந்தது. பத்தே முக்காலுக்கு அமலி முகம் திரையில் தெரிந்தது. அதே நேரம் பாட்டரி சாகப் போகிறது என்று ஒரு எழுத்தும் தெரிந்தது. பழைய பாட்டரி. வயரை எடுத்துக்கொண்டு சுவரைத் தேடினேன். சாவடியில் இருந்தது ஒரே ஒரு பிளக் பாயின்ட். அதில் எடை மிஷின் சொருகியிருந்தது.

ஹர்த்தால் எஸ்டேட்டுக்குக் கிடையாது. இலை எந்தக் கட்சியிலும் சேராமல் வளர்ந்துகொண்டிருக்கும். பதினொரு மணிக்கு முதல் எடை. கீழே பாதையில் தலையில் மூட்டையோடு பெண்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள். நாற்பது பேராவது இருப்பார்கள், நடுவில் ரோசம்மா அக்காவும். முப்பது வருஷத்தில் அண்ணாச்சி ஒரு எடையையும் ஒரு நிமிஷம்கூடத் தாமதித்ததில்லை. அவர் எடை மிஷினைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். எடை மிஷினின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு லேப்டாப்பைச் சொருகினார். வெளியே போய் வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்.

பரீட்சை முக்கால் மணி நேரம். வெயில் ஏறியது. மூட்டைகளை இறக்கி வைத்துவிட்டு பெண்கள் உட்கார்ந்தார்கள். தங்கம் என்ற அக்காவுக்கு நாக்கு சும்மா இருக்காது.

"அண்ணாச்சி, வெயில்ல இலை வாடுது. வாடுனா எடை கொறையும். அந்தக் கொறைச்சலை யாரு தலையில கட்டுவீக?"

"மெல்லப் பேசு."

"மெல்லத்தான் கேக்கேன். எங்க தலைமுடி ஈரத்தைக்கூட விடாமக் கழிக்கிற ஆளு நீக. இப்ப உங்க புள்ளைக்காக நாங்க காயணும், அப்படித்தானே?"

அண்ணாச்சி குனிந்து ஒரு மூட்டைக்குள் கையை விட்டுப் பார்த்தார். பிறகு, "இன்னைக்குக் கழிவு இல்ல" என்றார்.

"என்னது?"

"சாக்குக்கும் இல்ல, தண்ணிக்கும் இல்ல. ஆளுக்கு ரெண்டு கிலோ வாட்டத்துக்குக் கூட்டி எழுதுதேன்."

"மாதா மேல சத்தியமா?"

"சத்தியம் எதுக்கு, அதிகப்படி."

அதற்குப் பிறகு அந்த மேட்டில் இலை அசைகிற சத்தம்தான் கேட்டது. டிராக்டர்க்காரன் வந்து ஹாரனில் கை வைத்தான். நாற்பது பெண்களும் ஒன்றாகத் திரும்பிப் பார்த்தார்கள். அவன் இன்ஜினையே அணைத்துவிட்டான்.

பரீட்சை முடிந்து ஒரு அம்மா திரையில் வந்தார். பேச்செல்லாம் இங்கிலீஷ். எனக்குப் பாதிதான் புரிந்தது. வாசலருகே நின்ற அண்ணாச்சிக்கு அதுவும் இல்லை. பத்துக் கிலோக் குழந்தை ஒன்றுக்கு எடைக்குத் தக்க மருந்து கொடுக்க வேண்டும், முதலில் என்ன செய்வாய் என்று அந்த அம்மா கேட்டார். அந்தப் பத்துக் கிலோ துணியோடா, துணி இல்லாமலா என்று கேட்பேன். துணியோடு என்றால் அதைக் கழித்துவிட்டுத்தான் மருந்தைக் கணக்குப் போடுவேன் என்றாள் அமலி. அந்த அம்மா பேனாவைக் கீழே வைத்தார். இதைக் கல்லூரியில் சொல்லிக் கொடுத்தார்களா என்று கேட்டார். இல்லை, அப்பா, அவர் இலை எடை போடுகிறவர் என்றாள்.

அண்ணாச்சி என் கையைச் சுரண்டினார். "என்னல சொல்லுதா?"

"உங்களைப் பத்தித்தானுங்க."

"என்னைப் பத்தி எதுக்கு? இருக்குற நேரமே கொஞ்சம்."

முதுகுக்குப் பின்னால் தெரிகிறார்களே, அவர்கள் யார் என்று கடைசியாகக் கேட்டார்கள். அமலி திரும்பிப் பார்த்தாள். கதவிடுக்கில் பத்துப் பதினைந்து தலைகள். "அதில் ஒருவர் என் அம்மா" என்றாள். அந்த அம்மா கை அசைத்தார். தங்கம் அக்கா உட்பட எல்லோரும் பதிலுக்கு அசைத்தார்கள்.

உன்னைத் தேர்ந்தெடுத்தாயிற்று, காகிதங்கள் மெயிலில் வரும், இரண்டு மாதத்தில் புறப்படத் தயாராக இரு என்று சொல்லி அவர்கள் அணைத்தார்கள். அமலி மூடியைச் சாத்திவிட்டு அதன் மேல் நெற்றியை வைத்துக்கொண்டாள். ரோசம்மா அக்கா மூட்டையை இழுத்துக்கொண்டு உள்ளே வந்தார். "பிளக்கை மாத்துங்க. மொத மூட்டை என்னுது" என்றார்.

ஏன் தாமதம் என்று சாயங்காலம் ஃபீல்டு ஆபீசர் எழுதிக் கேட்டார். மிஷினுக்குக் கரண்ட் இல்லை என்று அண்ணாச்சி எழுதிக் கொடுத்தார். அதில் பொய் இல்லை. கூட்டி எழுதியதைப் பற்றி ஆபீசர் கேட்கவில்லை. கழிவு அண்ணாச்சி கூட்டுவார் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

ஐந்து மணிக்குக் கட்டன் சாயா குடித்துவிட்டு நான் பையை எடுத்தேன். மூன்று கிலோகூட இல்லை.

"எங்கல?"

"தெரியலீங்க. அடிமாலிப் பக்கம் போலாமுன்னு."

"தெரியாத எடத்துக்கு எதுக்கு அவசரம்?" என்று சொல்லிவிட்டு அவர் ஸ்கூட்டரைத் துடைக்கப் போனார். ஏற்கெனவே மூன்று தடவை துடைத்திருந்தார். மகள் பக்கம் பார்க்காமல் இருக்க அவருக்கு அன்று நிறைய வேலைகள் இருந்தன. ரோசம்மா அக்கா என் கையிலிருந்து பையை வாங்கி உள்ளே வைத்தார். "மூட்டை ஏத்த ஆளு வேணும்னு ரெண்டு நாளாக் கேட்டுக்கிட்டு இருக்காக. சாப்பாட்டுக்கு இங்க வந்துரு" என்றார்.

வெள்ளிக்கிழமை காலை ஏழரைக்கு வேலைக்குப் பெயர் கொடுக்கிற மஸ்டரில் போய் நின்றேன். சாவடியிலிருந்து டிராக்டருக்கு இலை மூட்டை ஏற்றுகிற வேலை. பதினொரு மணி எடைக்குப் பிறகு முதல் மூட்டையை முதுகில் வாங்கினேன். மழை இலை, நான் நினைத்ததைவிடக் கனம். முட்டி மடங்கியது. கால் ஊன்றி நிற்கும் வரை மூட்டைக்கு அடியில் ஒரு கை தாங்கிக்கொண்டிருந்தது. திரும்பிப் பார்க்கவில்லை. முப்பது வருஷமாக மூட்டைக்குள் ஈரம் பார்த்த கை என்று எனக்குத் தெரியும்.